களைப்பு சொன்ன சமாதானம்

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று ஆலயத்தில் அணு ஆயுதக் களைவு பற்றிப் பேசினேன். போதகர் பத்து நிமிடம் கொடுத்தார். விடுவேனா, அரை மணி நேரம் பிடித்துக்கொண்டேன். ஆய்வேட்டில் எழுத முடியாததையெல்லாம் கொட்டினேன். "அணுகுண்டுக்குப் பாகம் செய்யும் அந்த ஆலையில் வேலை செய்யும் கையை எத்தனை முறை கழுவினாலும் சுத்தமாகாது" என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெருமையாக இருந்தது. கடைசி பெஞ்சில் அண்ணன். அந்த ஆலையில்தான் வெல்டர். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

செப்டம்பர் 2

நான் "களைவு" என்றால் அவன் வேண்டுமென்றே "களைப்பு" என்பான். எனக்குப் பட்டப்பெயரே அதுதான். "என்ன களைப்பு, இன்னிக்கு எத்தனை குண்டைக் களைஞ்ச?" இன்று ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டு எழுந்து போனான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆராதனையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்து "சமாதானம்" சொல்லும் நேரம். முன் பெஞ்சுக்காரர் திரும்பினார். பின்னால் இருப்பது அண்ணன் என்று தெரிந்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். அண்ணன் நீட்டின கை அப்படியே நின்றது. நானாவது எழுந்து போயிருக்கலாமே? சொன்ன சொல்லை மாற்றிவிட்டாள் என்று நினைப்பார்களோ என்று... சீ, அப்பவும் என் பேருதான் எனக்குப் பெரிசா?

செப்டம்பர் 9

அம்மா சொன்னாள்: "உலகத்துக்கெல்லாம் சமாதானம் சொல்ற. வீட்டுல ஒருத்தன் வாயைத் திறந்து ஒரு வாரமாச்சு."

குண்டு வேண்டாம் என்பதில் ஓர் எழுத்தைக்கூட அழிக்க மாட்டேன். ஆனால் வேலை செய்கிறவன் கையை ஏன் பேச்சில் இழுத்தேன்? நாலு பேர் அசந்துபோகணும்னுதானே. வேறென்ன.

செப்டம்பர் 12

மன்னிப்புக் கேட்கத்தான் அவன் அறைக்குப் போனேன். வாயில் வந்தது: "சட்டை ஏதாவது தேய்க்கணுமா?"

செப்டம்பர் 15, ஞாயிறு

அண்ணன் உள்ளே வரவில்லை. அம்மாவையும் என்னையும் இறக்கிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்துவிட்டான். சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் எழுந்து வெளியே நடந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். கார் ஜன்னலுக்குள் கையை நீட்டினேன்.

"சமாதானம், அண்ணா. உன் கையைப் பத்தி நான் பேசினது தப்பு."

என் கையைப் பார்த்தான். "என்ன களைப்பு, பாதியிலேயே எழுந்து வந்துட்ட" என்றான். அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

பிறகு தன் கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்தான். திருப்பி இன்னொரு தடவை துடைத்தான். அதற்கப்புறம்தான் கொடுத்தான்.