தளர்த்தாத ஸ்பிரிங்

ஒபுவோ, நமீபியா

அன்பு முதிண்டா,

நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நம் பைக்கும் நலம்தான். எஞ்சினுக்கு அடியில் புதுத் தகடு நானே மாட்டினேன்.

போன வாரம் ஒரு ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் பழுதுபார்க்கப் போகையில், சரளைப் பாதையில் சாய்ந்துவிட்டேன். முழங்கையில் லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான். கூட வேலை செய்யும் சிப்போசா பைக்கைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கத்தினான்:

"யோவ், பின் ஸ்பிரிங்கை ரெண்டு பேருக்கு இறுக்கி வச்சுட்டு ஒத்தை ஆளா ஓட்டுறியே! துள்ளாம என்ன செய்யும்? தளர்த்துய்யா!"

"அதுக்கான கொக்கி ஸ்பேனர் ஊர்ல இருக்கு."

"பொண்டாட்டிக்கு எழுதி வரவழையேன்."

அதுவரைக்கும் பின் இருக்கையில் சோளமாவு மூட்டையைக் கட்டிக்கொண்டு போகிறேன். பைக் துள்ளுவதில்லை. ஆனால் வளைவு வந்தால் மூட்டை உன்னைப் போல என் சட்டையைப் பிடித்துக்கொண்டு திட்டுவதில்லை.

உன் பழைய நைலான் காலுறை ஒன்று அனுப்பு. ஏர் ஃபில்டர் மேல் மாட்டினால் புழுதி புகாது. துவைக்காததாக இருந்தாலும் சரி. கொஞ்சம் கப்பெண்டாப் பொடிமீன் கருவாடும் அனுப்பு.

ஊருக்குப் போகும் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். சமையலறை இழுப்பறையில் இருக்கும் அந்த ஸ்பேனரை மட்டும் அனுப்பாதே. அது வந்தால் ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டியிருக்கும். நீ வந்தால் வேண்டியதில்லை.

உன்
சோல்வே