இரண்டாவது ஸ்கேன்

ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டல்

அன்புள்ள அப்பாவுக்கு, கோகிலா எழுதறது. உங்க முட்டிவலி எப்படி இருக்குதுங்க? அம்மா வேளைக்கு மாத்திரை போட்டுக்குதா? செல்போன் வெளிச்சம் கண்ணைக் குத்துது, அதனாலதான் லெட்டர். பயப்படாதீங்க.

கம்பெனி பஸ் பிரேக் போட்டப்ப முன்சீட்டுக் கம்பியில தலை இடிச்சுதுன்னு சொன்னேனே, அதைப் பத்தித்தான். முதல் ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னதும் நீங்க முனியப்பனுக்குக் கெடா வெட்டினீங்க. ஆனா எனக்குத் தலைசுத்தல் நிக்கலை. செஞ்ச வேலையை மறந்துட்டு மறுபடியும் செஞ்சேன். "ஸ்கேன்தான் நல்லா இருக்கே, நடிக்கிறியா?"ன்னு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு.

இப்ப வேற டாக்டர் எம்.ஆர்.ஐ.யில மூளை நரம்பு இழைங்க தெரியற மாதிரி தனியாப் படம் எடுத்தாருங்க. சில இழைங்க சேதமாகியிருக்குதாம், முதல்ல எடுத்த ஸ்கேன்ல அது தெரியாதாம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுப்பா. நான் நடிக்கலைன்னு ஆயிடுச்சில்ல. வெளிய வந்தப்புறம்தான் சேதம்னு சொன்னது உறைச்சுது, திரும்ப உள்ள போனேன். முழுசா சரியாயிடுமான்னு கேட்டதுக்கு, பொறுத்துப் பாக்கலாம்னாரு.

முனியப்பனைத் திட்டாதீங்க. கூழுக்குக் கேவுரு மாவும், ஜன்னலை மறைச்சுக் கட்ட அம்மாவோட பழைய கறுப்புச் சேலையும் பென்னாகரத்துல பார்சல் போட்டுவிடுங்க.

ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்குது. இன்னும் ஒண்ணுங்கப்பா, கெடா வெட்டின அன்னிக்கு எடுத்த போட்டோவையும் பார்சல்ல வைங்க. நானும் லீவு போட்டு வூட்டுக்கு வந்திருந்தேன்னு ரூம்ல இருக்கற சுபா சொல்றா. எனக்கு ஞாபகம் வரலை. நான் எங்க நிக்கறேன்னு பாக்கணும்.

உங்க மக,
கோகிலவாணி