திருப்பி வைத்த குஷன்

கஞ்சி போட்டுக் காயவைத்த திரைச்சீலையின் மணம் விறாந்தைவரை வருகிறது. காலையிலிருந்து மூன்று முறை முன் அறையை மாற்றிவிட்டேன். பூத் திரைச்சீலையைத் தொங்கவிட்டேன், கழற்றினேன், திரும்பத் தொங்கவிட்டேன். லண்டனிலிருந்து வந்திருக்கும் உமது மகள் நான்கு மணிக்கு என்னைப் பார்க்க வருகிறாள். உமது செத்தவீட்டுக் கூட்டத்துக்குள் சொல்ல முடியாமல் போன ஒன்றை இன்று அவளிடம் சொல்ல வேண்டும்.

முப்பது வருடத்துக்கு முன் அவளைப் பெண் பார்க்க வந்தது தாயான உமக்கு மறந்திருக்காது. கொக்குவிலில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அவர்கள் வர முதல்நாள் நீர் மதிலால் எட்டிப் பார்த்து, "உம்மடை முன் ஹோலைத் தூக்கி என்ரை வீட்டிலை வைச்சுவிடும்" என்றீர்.

வைத்தேன். ஓர் அறையில் ஒரு பூவேலைதான் முன்னுக்கு நிற்க வேண்டும், மற்றவை அடங்கியிருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிமார் எனக்குப் பழக்கியிருந்தார்கள். உமது பெரிய பூத் திரைச்சீலையைக் கழற்றி வெறும் வெள்ளை போட்டேன். வழுவழுப்பான செற்றி இருக்கைகளில், சாக்குத் துணியில் மயில் தைத்த என் குஷன்கள் நான்கு. கண்ணாடி அலுமாரிக்குள் நீர் அடைத்திருந்த பொம்மைகளில் மூன்றை மட்டும் விட்டேன்.

"பாவங்கள், மிச்சமெல்லாம் என்ன பிழை செய்தது?"

"நெருக்கம்."

நீர் சிரித்து முடியக் கால் மணி ஆனது.

மறுநாள் மாப்பிள்ளையின் தாய் சாய்ந்து எழும்பியதில் ஒரு மயில் தலைகீழாகிவிட்டது. தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த நான், தட்டை வைத்துவிட்டு அதைத் திருப்பி வைத்தேன். கை தானாகப் போனது.

"நல்ல வேலைப்பாடு. ஆர் தைச்சது?" என்று அந்த அம்மா கேட்டார். பேசாமல் இருந்திருக்கலாம்.

"நான்தான் தைச்சனான். என்ரை" என்றேன்.

"ஓ, உங்கடையோ?" என்று, வேறு எதெல்லாம் இரவல் என்று தேடுவதுபோல், அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். நீர் நிலத்தைப் பார்த்தீர்.

சம்பந்தம் சரிவரவில்லை. மறுவாரம் குஷன் உறைகள் உம்மிடமிருந்து தோய்த்து மடித்து வந்தன. அதன் பிறகு நீர் என்னிடம் ஒரு கரண்டிகூட இரவல் கேட்கவில்லை. கதைத்தோம், சிரித்தோம். அதைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை.

இவ்வளவும் எழுதி நிறுத்தியிருந்தேன். அவள் வந்து போய்விட்டாள். நான் நின்றபடியே எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அன்ரி, அந்த மாப்பிள்ளையை வேண்டாமெண்டது நான். அவையள் வாசல் படலை தாண்ட முன்னமே அம்மாட்டைச் சொல்லிப்போட்டன். அம்மா உங்களுக்குச் சொல்லேல்லையே?"

சொல்லவில்லை. முப்பது வருடம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு சொல்லவில்லை. பாரம் இறங்கியிருக்க வேண்டும். எழும்பி நடக்கிறேன், இருக்கிறேன், திரும்ப எழும்புகிறேன். கலியாணத்தைக் குழப்பியது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது உமக்குத் தெரியாதா? தெரிந்துதான் விட்டீரா? முதலில் உம்மில் கோபம்தான் வந்தது.

பிறகு விளங்கியது. நீர் நொந்தது சம்பந்தத்துக்காக அல்ல. வந்தவர்கள் முன்னால், உமது வீட்டுக்குள் நின்று, "என்ரை" என்றேனே, அதற்கு.

செய்யாத குற்றத்துக்கு இன்று மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். செய்ததற்குத் தாயிடம் கேட்க வேண்டியது இன்னும் என்னிடமே இருக்கிறது.