கை நனைக்க வந்தவர்களுக்குக் கெளுத்திக் குழம்பு

ஜூலை 6, ஞாயிறு

மகளுக்குப் பேசி முடித்த பிறகு, செம்பூரிலிருந்து சம்பந்தி வீட்டார் இன்று முதல்முறையாகக் கை நனைக்க வந்தார்கள். பூர்வீகம் தூத்துக்குடி. இலையில் உட்கார்ந்த பிறகுதான் சம்பந்தி சொல்கிறார், வளர்ப்பு மீனைத் தொடவே மாட்டாராம். இங்கே மழைக்கால மீன்பிடித் தடை, நல்ல கடல் மீன் எங்கே கிடைக்கிறது? தாராவி மார்க்கெட்டில் வாங்கிய பண்ணைக் கெளுத்திதான் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை, பரிமாறினேன். முள் தொந்தரவில்லாத கொழுத்த சதை. புளியும் காரமும் உள்வரை இறங்கியிருந்தன. சம்பந்தி மூன்றாவது துண்டையும் கேட்டு வாங்கினார்.

“கடல் மீனுன்னா இப்படில்லா இருக்கணும்! எங்க வாங்குன தங்கச்சி?”

அவர் மனைவி முந்திக்கொண்டார். “தாதர் மீன் மார்க்கெட்லதான் வாங்கிருப்பாவ. பேசாமச் சாப்பிடுங்க.”

பிறகு அடுப்படிக்கு வந்து என் காதருகே சொன்னார்: “மழைக்காலம் முழுக்க நானும் இதத்தான் வைக்கேன் மதினி. இன்னைக்கு வரைக்கும் அவுகளுக்குத் தெரியாது. ஒங்க மவகிட்டயும் சொல்லி வைங்க.”

என் மகள் வாயில் எதுவும் நிற்காது. அதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.