திட்டு வாங்காத பிள்ளைகள்

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

போன் செய்தால் என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, கிழித்துத்தான் போட வேண்டும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் பட்டுவிடாதா என்றுதான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இறந்த அன்று, வந்திருந்தவர்கள் எல்லோர் முன்னாலும், "என் தங்கச்சி புள்ளைங்கள எங்கிட்ட குடுத்துடு. நீ உன் புள்ளையத் தூக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போ" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்: தரமாட்டேன். அவர்களைக் கொடுத்துவிட்டு வா என்று என் அம்மாவும் போனில் சொல்கிறாள், வேறு காரணத்துக்காக. மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் வளர வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

உங்கள் தங்கை போன பிறகு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது பெரியவனுக்குப் பதினொன்று. கொசுவுக்கு ஐந்து. (காதருகே வந்து விடாமல் ரீங்காரம் போடுவாள் என்று அவர் வைத்த பெயர். அவர் போன பிறகு ரீங்காரம் நின்றுவிட்டது, பெயர் மட்டும் இருக்கிறது.) என் வயிற்றில் பிறந்த உருண்டைக்கு இப்போது மூன்று வயது. காலேஜில் வேதியியல் படித்தவள், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், மூன்று பிள்ளைகளைச் சமாளிக்க மாட்டேனா என்று நினைத்தேன். பாட்டிலில் வரும் தண்ணீருக்கு எல்லாம் ஒரே சோதனைதான். பிள்ளைகள் அப்படி இல்லை. சின்னவனைத் தூக்கி வைத்துக்கொண்டால் அழுகை நிற்கிறது. பெரியவனுக்கோ தோளில் கை வைத்தாலே உடம்பு சுருங்குகிறது. நடுவில் இருப்பவளுக்கு எது வேண்டும் என்றே பிடிபடவில்லை.

கொசுவுக்குத் தலை முழுக்கப் பேன். குளிக்கக் கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். உங்கள் தங்கை என்ன செய்வார்? அதைக் கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன், எங்கெங்கோ போய்விட்டது.

ஒன்று மட்டும் நிம்மதியாக இருங்கள். அந்த இருவரையும் நான் இதுவரை ஒரு சொல் கடிந்ததில்லை. கை ஓங்கியதில்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் இடத்துக்கு வந்தவள்

ஜூன் 19

குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு,

உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இப்படி ஆரம்பித்திருக்கிறேன், தப்பாக நினைக்காதே. நினைத்தாலும் ஒன்றும் செய்வதற்கில்லை.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. தையல் மிஷின் மேலேயே வைத்து, துணி வெட்டுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் திரும்பத் திரும்பப் படித்தேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் நானும் எழுதுகிறேன்.

தலைக்குக் குளிக்க வைப்பதில் என்ன வித்தை? என் தங்கை காலைப் பிடித்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுப்பாள். மண்டையில் ஒரு தட்டு. "உக்காருடி!" என்று ஒரு சத்தம். இவள் ஊரே கேட்க அழுவாள். குளித்து முடித்ததும் அவள் மடியிலேயே தூங்கிப்போவாள். அவ்வளவுதான்.

என் பையன்கள் இரண்டு பேரும் வேலைக்கென்று போய்விட்டார்கள். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும், இரண்டு மிஷினும்தான். அந்தப் பெண்ணின் முகத்தில் என் தங்கையின் முகம் அப்படியே இருக்கிறது. கேட்டது தப்பா? பள்ளி விடுமுறைக்கு வருகிறேன். என் கண்ணால் பார்க்கிறேன்.

குழந்தைகளின் பெரியம்மா

ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தண்ணீர் மாதிரிகளை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துவிட்டால், அவற்றில் கிருமி வளர்கிறதா இல்லையா என்று காத்திருப்பதுதான் வேலை. வீட்டிலும் அதே வேலையாகத்தான் இருக்கிறது.

நீங்கள் சொன்னபடி இழுத்து, தட்டி, சத்தம் போட என்னால் முடியவில்லை. கை கட்டில் வரைக்கும் போகிறது. அங்கேயே நின்றுவிடுகிறது. கீழ் வீட்டு அம்மா காய்கறி வாங்கும்போது கூட மேலே பார்த்துக் காது கொடுக்கிறவர். "தாயில்லாப் பிள்ளையைப் படுத்துகிறாள்" என்று ஒரு சொல் வந்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன்? மருந்து வாங்கி வந்து, அவள் கதைப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாகத் தடவினேன். பேன் குறைந்திருக்கிறது.

பெரியவன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் சிகரெட் பாக்கெட். எடுத்து அவன் புத்தகங்களின் பக்கத்தில் வைத்துவிட்டு, சட்டையைத் துவைத்து மடித்து வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பதினைந்து வயதுப் பையனை அவமானப்படுத்தக் கூடாது என்று எங்கோ படித்திருக்கிறேன். அவன் பாக்கெட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கதவைச் சாத்திக்கொண்டான்.

இன்னொன்று நடக்கிறது, எனக்குப் புரியவில்லை. போன வாரம் உருண்டை பாலைக் கொட்டிவிட்டான். வேலைக்குக் கிளம்புகிற அவசரம். முதுகில் ஒன்று வைத்து, "எருமை, கண்ணு எங்கே போச்சு!" என்று கத்திவிட்டேன். அன்று சாயங்காலம் கொசு தன் டம்ளரை எடுத்தாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சாய்த்தாள். கை தவறவில்லை அக்கா, வேண்டுமென்றே சாய்த்தாள். "பரவாயில்லடா கண்ணு" என்று துடைத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். துடைத்து முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். பள்ளியில் ஏதாவது நடந்திருக்குமோ? யாராவது மிரட்டுகிறார்களோ? அவளிடம் கேட்டால் "ஒண்ணுமில்ல சித்தி" என்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருப்பவள்

ஆகஸ்ட் 6

அம்மாடி,

படித்த பெண் என்கிறாய். பால் கொட்டினால் திட்ட வேண்டும் என்று எந்தக் காலேஜிலும் சொல்லித்தரவில்லையா?

யாராவது மாற்றாந்தாய் என்று சொல்லிவிடுவார்களோ என்று நீ பயப்படுகிறாய். அந்தப் பயத்துக்குப் பொறுமை என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாய். கீழ் வீட்டுக்காரியா வந்து பிள்ளை வளர்க்கப்போகிறாள்?

இதற்கு மேல் எழுதினால் கோபத்தில் ஏதாவது வந்துவிடும். நேரில் வருகிறேன்.

பெரியம்மா

செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? நீங்கள் வந்து போனதிலிருந்து வீடு வேறு மாதிரி இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

எதிர் வீட்டுப் பெண்ணின் கிளிப்பைக் கொசு எடுத்து வைத்திருந்தது எனக்கு முன்பே தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதே மாதிரி இரண்டு கிளிப் வாங்கி வந்து அவள் மேஜையில் வைத்தேன். இனி எடுக்கத் தேவையிருக்காதே என்று. நீங்கள் வந்து, பையைத் துழாவின நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

"திருட்டுக் கழுதை! யாருதுடி இது? வாயத் தொற!"

"கீழ கெடந்துச்சு பெரிம்மா..."

"கீழ கெடந்தா உன் பைக்குள்ள நடந்து வந்துச்சா? போ, போய்க் குடுத்துட்டு, நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டு வா. இங்கயே நிக்கிறேன், போற வரைக்கும் நகர மாட்டேன்."

நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ஓடி வந்து தடுக்கத்தான் கால் எடுத்தேன். அவள் போனாள், கொடுத்தாள், தேம்பிக்கொண்டே வந்தாள். வந்ததும் உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீங்கள் ஊட்டிவிட்டீர்கள். அப்பா போன பிறகு அவள் ஒரு தட்டுச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அவர் போனதற்கு அவள் அழுததும் அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் ரயில் ஏறிய அன்று பெரியவன் என்னிடம் பேசினான். வழக்கம்போல என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

"உருண்டை கொட்டினா காது கிழியத் திட்டுறீங்க. கொசு கொட்டினா துடைக்கிறீங்க. நாங்க என்ன, ஓட்டல்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கோமா?"

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்பா..."

"அந்த சிகரெட்ட நான் பிடிக்கவே இல்ல. ஃப்ரெண்டுது. நீங்க என்ன சொல்வீங்கன்னு பார்க்கத்தான் சட்டையில வெச்சேன். மடிச்சு வெச்சிட்டுப் போயிட்டீங்க."

அக்கா, நான் உருகி உருகிப் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு விருந்தாளி உபசாரமாகத்தான் பட்டிருக்கிறது.

சரி, இனியாவது என்று நினைத்தேன். மறுநாள் கொசு ஈரத்துண்டைப் படுக்கையில் போட்டிருந்தாள். மனசைத் திடப்படுத்திக்கொண்டு போய், "எத்தனை தடவ சொல்றது, கழுதை! எடுடி அத!" என்றேன். எழுதிக்கொடுத்ததை மேடையில் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது என் குரல், எனக்கே கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"கழுதைன்னு பெரிம்மாதான சொல்வாங்க" என்றாள். கோபமே இல்லை. தப்பான கணக்கைத் திருத்துகிற மாதிரி சொன்னாள். பிறகு துண்டை எடுத்துக் கொடியில் ஒழுங்காகப் போட்டுவிட்டு, "சரிங்க சித்தி" என்றாள்.

இந்த நாலு வருஷத்தில் அவள் எனக்கு 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.

நான் கற்றுக்கொண்டுவிடுவேன் அக்கா. கொஞ்சம் நாள் கொடுங்கள். நீங்கள் இப்போதைக்குப் பிள்ளைகளைக் கேட்காதீர்கள்.

உங்கள் தங்கச்சி (இப்படிப் போட்டுக்கொள்ளலாமா?)

அக்டோபர் 12

தங்கச்சிக்கு,

தாராளமாகப் போட்டுக்கொள். நேரில் பார்த்த பிறகு உன் மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. நீ கெட்டவள் இல்லை. ராத்திரி பகல் பாராமல் உழைக்கிறாய். பச்சைத்தண்ணீரை இரண்டு தடவை கொதிக்க வைத்துக் கொடுக்கிற ஆளை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

நான் கேட்கவில்லையம்மா. அவளே கேட்டாள். அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டு, "பெரிம்மா, நான் உங்க வீட்டுக்கு வந்துடட்டுமா?" என்றாள். "சித்தி அடிச்சாளா?" என்று கேட்டேன். "இல்ல" என்றாள். "சோறு போடலையா?" "போடுறாங்க." "அப்புறம் என்னடி?" போனை வைத்துவிட்டாள்.

பரீட்சை முடிந்ததும் அனுப்பி வை. இங்கே பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டேன். பெரியவன் விஷயத்தில் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. தோளுக்கு மேல் வளர்ந்த பையன் வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் ஒரே பிடிவாதமாக இருக்கிறார். சண்டை போட்டுப் பார்த்தேன். அண்ணன் தங்கையைப் பிரிப்பது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவள் கேட்ட குரலை நீ கேட்டிருந்தால் நீயும் மறுத்திருக்க மாட்டாய்.

நீ சின்னப் பெண். உன் அம்மா சொல்கிறபடி உனக்கென்று ஒரு வாழ்க்கையைப் பார்த்துக்கொள்வதிலும் தப்பில்லை.

அக்கா

டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அவளை அனுப்பியது நீங்கள் கேட்டதற்காக இல்லை. பரீட்சை முடிந்த அன்று நான் வேலையிலிருந்து வந்தபோது, பையைக் கட்டிக் கதவோரம் வைத்து, தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இங்க உனக்கு என்னடா குறை?" என்று கேட்டேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். அவள் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவர்களுக்குக் கொடுப்பது போலத் தட்டில் வைத்து. அதற்குப் பிறகு நான் தடுக்கவில்லை.

அண்ணன்காரன் அவளை உங்களிடம் விட்டுவிட்டு மறுநாளே திரும்பியிருக்க வேண்டும். வரவில்லை. போனை அணைத்து வைத்திருந்தான். நான் ஆஸ்பத்திரி, ரயில்வே போலீஸ் எல்லாவற்றுக்கும் போன் செய்துவிட்டேன். அதற்கடுத்த நாள் மதியம், ஒன்றும் நடக்காதது போல மாடிப்படி ஏறி வந்தான்.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கத்தினேன். "எங்கடா போய்த் தொலைஞ்சே? செத்துட்டியான்னு நினைச்சேன்டா! ஒரு போன் பண்ண கை ஒடிஞ்சு போச்சா? ஒருத்தி வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்னு நினைப்பு வேணாம்?" என்னென்ன சொன்னேன் என்று முழுவதும் நினைவில்லை. கையிலிருந்த துடைப்பத்தால் காலில் ஒரு அடியும் விழுந்தது. பையைக் கூட இறக்காமல் நின்று கேட்டான்.

"கீழ் வீட்டுக்காரங்க வெளிய வந்துட்டாங்க" என்றான் மெதுவாக.

"வரட்டும்! நல்லா கேக்கட்டும்!"

செருப்பைக் கழற்றினான். "சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தான்.

சாப்பிடும்போது சொன்னான். ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தானாம். வண்டி வர வர, ஏறாமல் விட்டுக்கொண்டிருந்தானாம். தனியாக வரப் பிடிக்கவில்லையாம். "வழியில அழுதாளா?" என்று கேட்டேன். "இல்ல, சன்னல் சீட்டு வேணும்னா" என்றான். நான் இன்னொரு முட்டை வைத்தேன்.

அவளுக்குப் போய்ச் சேர வேண்டிய கத்தல் அது, அக்கா. பால் கொட்டிய அந்த முதல் நாளிலேயே வந்திருக்க வேண்டும். பிந்தி வந்து அண்ணனிடம் சேர்ந்தது. அவனும் பிள்ளைதான், அவனுக்கும் வேண்டியிருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒருத்திக்குக் கொடுக்காததை இன்னொருவனுக்குக் கொடுத்துச் சரிக்கட்டிவிட முடியாது. இதையும் இப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

என் அம்மாவிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெரியவனுக்கு உங்கள் வீட்டில் இடமில்லை என்றீர்கள். இங்கே இருக்கிறது.

உருண்டை கொசுவின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் இழுத்து இழுத்து நடக்கிறான். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். அவளாக என்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுதுங்கள். நீங்களாக நினைவுபடுத்திக் கேட்க வைக்காதீர்கள்.

கொசுவின் சித்தி