தண்ணீருக்கு முன்னால் நடந்தவன்

உன் மகள் கொண்டுவந்து தந்த லாடம் என் ஜன்னல் விளிம்பில் கிடக்கிறது. ஐப்பசி ஈரத்துக்குத் துரு கிளம்பி, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. நம் மாட்டு லாடம் குளம்புக்கு இரண்டு துண்டாக இருக்கும். இது ஒரே வளைவு. கோவேறு கழுதைக்கு அடித்ததாம். அமெரிக்காவில் கடைசிக் காலத்தில் நீ இருந்த அந்தச் சின்ன ஊரின் கால்வாய்ச் சேற்றிலிருந்து நீயே தோண்டி எடுத்தது என்றாள். "மாமாட்ட குடுத்துருன்னு அப்பா சொன்னாவ."

அந்தக் கால்வாயைப் பற்றி நீ போனில் பேசாத நாள் இல்லை. மகள் வீட்டுக்குப் போன புதிதில் குளிரைத் திட்டினாய், சோற்றைத் திட்டினாய். பிறகு ஒருநாள் குரலே மாறிவிட்டது. "மாப்ளே, இங்கன ஒரு கால் இருக்குலே. மனுசன் மம்பட்டி பிடிச்சு வெட்டுனது" என்றாய். கடல் தாண்டிப் பிழைக்க வந்த கூலிகள் வெட்டிய கால்வாய். காய்ச்சலில் செத்தவர்களைக் கரையிலேயே புதைத்தார்களாம். வெட்டி முடித்ததும் படகு வந்தது. படகைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கோவேறு கழுதைகள் கரையோடு நடந்தன. மேட்டில் படகு ஏற வேண்டிய இடத்தில் முன்னும் பின்னும் மரக்கதவு. இரண்டுக்கும் நடுவே தண்ணீரைப் பெருக்கினால் படகு தானாக மேலே வரும். அதை நீ எனக்குப் புரியவைக்கக் கக்கூஸ் வாளியையும் சோப்பு டப்பாவையும் வைத்து வீடியோவில் காட்டினாய். உன் மகள் பின்னாலிருந்து சிரித்தாள்.

அப்புறம் ரயில் வந்தது, படகு நின்றது. ஊர் சுருங்கிவிட்டது. ஒரு மாதா கோயில், ஒரு கடை, ஒரு பாலம், கொஞ்சம் வீடுகள். ஆனால் வீடுகள் எல்லாம் இன்னும் கால்வாயைப் பார்த்துத்தான் நிற்கின்றன என்று சொன்னாய். ரோடு பின்னால் போகிறது. தபால்காரர் கொல்லைப்புறமாக வருகிறார். "வாசலத் திருப்பி வைக்க மாட்டேங்காவ, மாப்ளே. ஒன்ன மாதிரியே பிடிவாதம் பிடிச்ச சனம்." ஒரு காலத்தில் அதைத் தூர்த்து ரோடு போட அதிகாரிகள் வந்தபோது ஊரே கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டதாம். கதவுக்குப் பச்சை அடிப்பதா சிவப்பு அடிப்பதா என்று இன்றைக்கும் அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிறார்களாம். வருசத்துக்கு ஒருமுறை தண்ணீரை வடித்துவிட்டு, கிழவன் குமரி எல்லாம் முட்டளவு பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேறு அள்ள இறங்குவார்கள். நீயும் இறங்கினாய். அவர்கள் தந்த மண்வாரியைப் பார்த்து, "இது தோசத் திருப்பி. இத வச்சு என்னத்த அள்ள?" என்று கேட்டிருக்கிறாய். உன் மகள் அதை அவர்களுக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். அந்தச் சேற்றில்தான் லாடம் கிடைத்தது.

இதையெல்லாம் நான் ஆசையாகத்தான் கேட்டேன். படகு போகாத கால்வாயை ஒரு ஊர் காப்பாற்றுகிறது என்றால் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் நீ அங்கே சேறு அள்ளிய அதே வாரம், இங்கே உன் மகன் நம் வரத்துக்காலில் சரள் மண் அடித்துத் தூர்த்தான்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டுக் காட்டில் விழும் மழையைக் கண்மாய்க்குக் கொண்டுவருவது அந்த ஒரு கால்தான். பத்து மாதம் காய்ந்து கிடக்கும். ஆடு போகும், வண்டி போகும், தீப்பெட்டி ஆபீஸ் வேன் கூடப் போகும். வெளியூர்க்காரன் பார்த்தால் பாதை என்றுதான் நினைப்பான். கரிசல் வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முதல் தண்ணீரை அந்த வெடிப்பெல்லாம் குடித்துக் குடித்துத்தான் விடும். அதனால் நம் ஊரில் முதல் தண்ணீர் ஓடி வராது, நடந்து வரும். அதற்கு முன்னால் இரண்டு பேர் நடக்க வேண்டும். வேலிக்கருவை முள்ளும் சோளத்தட்டையும் கரையிலிருந்து சரிந்த மண்ணும் அங்கங்கே அடைத்துக் கிடக்கும். முன்னவன் அதை வெட்டி ஒதுக்கிக்கொண்டே போவான். பின்னவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வருவான்.

முன்னவன் நீ. பின்னவன் நான். கலியாணத்துக்கு முன்பு தொடங்கியது, நீ விமானம் ஏறும்வரை நடந்தது.

முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். பார்த்தால் தண்ணீர் கோவித்துக்கொள்ளும் என்று கிழவிகள் சொல்வார்கள். உண்மையான காரணம் உனக்கும் எனக்கும் தெரியும். நின்று பார்த்தால் வேலை நிற்கும், தண்ணீர் ஆளைத் தாண்டிப் போய் முள்ளில் முட்டிக் கரையை உடைத்துக்கொள்ளும். அதனால் நீ திரும்பாமலே கேட்பாய்.

"வருதாலே?"

"வருது, நட."

"எவ்வளவுல வருது?"

"ஒம் பொண்டாட்டி சமையல் மாதிரி. மெதுவா வருது, ஆனா வருது. நட."

"அவட்ட சொல்லுதேன் இரு."

இத்தனை வருசத்தில் முதல் தண்ணீர் வருவதை நீ கண்ணால் பார்த்ததே இல்லை. என் சொல்லை நம்பித்தான் நடந்தாய். நான் பார்த்ததெல்லாம் உன் முதுகும், உன் பின்னால் நுரைத்து வந்த அந்தக் காப்பித் தண்ணீரும்தான். கண்மாய்க்கு வந்து கரையேறிய பிறகுதான் நீ திரும்புவாய். அதற்குள் ஊர்ச் சனம் கரையில் நின்று குலவையிடும்.

லாரி வந்த அன்று மாலையே உனக்குப் போன் போட்டேன். நினைவிருக்கிறதா? "ஏலே, ஒம் மவன் காலுக்குள்ள சரள் அடிக்கான். பிளாட் போடுதானாம். ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். உன் முகம் அப்படியே திரையில் நின்றது. லைன்தான் நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு உன் இமை அசைந்தது. "பேசிக்கிடுதேன் மாப்ளே" என்றாய். அவ்வளவுதான். அடுத்த பேச்சில் மறுபடியும் அந்த மரக்கதவு, அந்தப் பச்சைப் பெயிண்ட். அதற்கடுத்து உன் நெஞ்சு நின்றுவிட்ட செய்திதான் வந்தது. உன்னை அங்கேயே எரித்தார்கள்.

நான் தாலுகா ஆபீஸுக்கு நடந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தவனில்லை நான். பழைய பேப்பர் வாசித்து எழுத்துக் கூட்டியவன். மனுவை நானே எழுதினேன். பார்க்கிறோம் என்றார்கள். இன்னும் பார்க்கிறார்கள்.

போன மாதம் உன் மகள் வந்தாள். லாடத்தை வாங்கிக்கொண்டு அவளிடம் நேராகவே கேட்டேன். "ஒங்கப்பன் ஒங்கண்ணன்ட்ட கால் விசயம் பேசுனானா, பேசலையா?"

"பேசுனாவ மாமா. பெரிய சண்ட. ரெண்டு நாளு அப்பா சாப்புடல."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. அடுத்ததையும் அவள் சொன்னாள்.

"கடைசில, பைப்பாவது போடுலேன்னாவ. அண்ணன் சரின்னுட்டான். அப்பாவும் சரின்னுட்டாவ."

பைப்பு. மேட்டுக் காட்டின் முள்ளும் தட்டையும் சேறும் அடித்துக்கொண்டு வரும் முதல் தண்ணீருக்கு ஒரு பைப்பு. பைப்புக்குள் எந்த ஆள் இறங்கி முன்னால் நடப்பான்? இது உன் மகனுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவன் ஏ.சி. காரில் கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் போய்வருகிறவன், காலில் கரிசல் ஒட்டாதவன். உனக்குத் தெரியாதா? அமெரிக்காக்காரன் கால்வாயில் பைப்பு போட்டால் நீயும் நாற்காலி தூக்கிக்கொண்டு போயிருப்பாயே. பெற்ற பிள்ளையிடம் தோற்றாய் என்று உன் மகள் அழுதாள். பிள்ளையிடம் தோற்கலாம். ஊர்த் தண்ணீரை வைத்துத் தோற்கக் கூடாது.

முந்தாநாள் மேட்டுக் காட்டில் மழை இறங்கியது. காற்றிலேயே மண்வாசம் தெரிந்தது. மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பின்னால் வர ஆள் இல்லை. வா என்று இளவட்டங்களைக் கூப்பிட்டால், மோட்டார் போட்டால் தண்ணீர் வருது, எதுக்குத் தாத்தா என்கிறார்கள். நான்தான் முன்னவன், நான்தான் பின்னவன். நாலு எட்டு வெட்டுவது, நின்று திரும்பிப் பார்ப்பது. வழக்கம் அன்றைக்கே உடைந்தது.

சரள் மேட்டுக்கு வந்ததும் பைப்பு வாயைப் பார்த்தேன். ஒரு ஆட்டுக்குட்டி தலை நுழைக்கலாம். தண்ணீர் வந்தது. கூடவே வந்த முள்ளும் தட்டையும் அதன் வாயில் போய் அடைத்து உட்கார்ந்தன. கொஞ்ச நேரம் குமிழியிட்டது, பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் இரண்டு பக்கமும் பரவி, உன் மகன் நட்டு வெள்ளை அடித்த கற்களைச் சுற்றியது. பக்கத்து உளுந்துக் காட்டிலும் ஏறியது. உளுந்துக்காரி ஓடிவந்தாள். "அண்ணாச்சி, பூத்த உளுந்து அழுகிரும் அண்ணாச்சி!"

நான் சரளை வெட்டத் தொடங்கினேன்.

உன் மகன் வந்தான். யாரோ போன் போட்டிருப்பார்கள். காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

"மாமா, என்ன செய்யுதீங்க? நாந்தான் பைப்பு போட்டுருக்கம்ல?"

"அந்தா அடச்சுக் கெடக்கு. கைய விட்டு எடு பாப்போம்."

"வித்த எடம் மாமா. வாங்குனவிய கேஸ் போடுவாவ. அப்பாவே சரின்னுட்டாவ."

"ஒங்கப்பன் சொன்னதாலதான் ரெட்ட மடங்கு ஆழமா வெட்டுதேன். இறங்கு, இல்லன்னா ஒதுங்கு."

அவன் இறங்கவில்லை. தடுக்கவும் இல்லை. உளுந்துக்காரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "கால்ல சேறு படாத எளந்தாரி, அந்த மம்பட்டியவாது எடுத்துக் குடும்யா" என்றாள். கரையில் அவள் போட்டிருந்த மம்பட்டியை எடுத்து நீட்டினான். அதை வாங்கிக்கொண்டு அவள் இறங்கினாள். அந்தி மயங்கும்போது சரளுக்குள் ஓர் ஆள் அகலத்துக்கு வழி விழுந்தது. தண்ணீர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தது.

நாளைக்கு வேறு லாரி வரும். மறுபடியும் தூர்ப்பான். எனக்கு அது தெரியும். மறுபடியும் வெட்டுவேன் என்று அவனுக்கும் தெரியும். எத்தனை மழைக்கு என் தோள் தாங்கும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. செத்தவனிடம் கோபம் கூடாது என்கிறார்கள். சாவு பெரிய மனுசத்தனம் ஒன்றும் இல்லை, எல்லோரும் செய்வதுதான். அந்த ஒரு 'சரி'யை நீ சொல்லியிருக்கக் கூடாது.

ஆனால் அன்றைக்குச் சரளைத் தாண்டிக் கண்மாய் வரைக்கும் மிச்சத் தூரம் நடக்க வேண்டியிருந்தது. உளுந்துக்காரி முன்னால் வெட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு வழக்கம் தெரியாது. அவள் எதுவும் கேட்கவில்லை. நான் பழையபடி பின்னால், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். விரல் கனத்துக்குத்தான் வந்தது. கரையில் குலவையிட ஒருவரும் இல்லை. இருட்டுகிற நேரம், முன்னால் ஒரு முதுகு. யாரும் கேட்காமலே என் வாய் சொல்லிவிட்டது.

வருது, நட.