வீட்டுக்கு வந்த வேலைச் சட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம்தான் என்று எழுத உட்கார்ந்தேன், பேனா நகரவில்லை. போனில் சொல்ல மூன்று தரம் முயன்றேன், உன் குரல் கேட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அம்மாவுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றேனே, வயசு என்று நீயும் நானும் விட்டுவிட்டோம். இதய டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்ததில் காரீயம் இருக்கிறதாம், பேட்டரி ஆலையில் இருபத்தாறு வருஷமாகக் குப்பை கொட்டும் என் ரத்தத்தில் இருக்கிற அளவுக்கு. உடம்பு உள்ளே துருப்பிடிக்காமல் காக்க ரத்தத்திலேயே காவல் ஆட்கள் மாதிரி சில சத்துகள் உண்டாம், காரீயம் அவர்கள் கையைக் கட்டிப்போட்டுவிடுமாம், அப்புறம் ஓய்வே தெரியாத இதயம் அடி வாங்குகிறதாம். பழமும் காய்கறியும் அந்த ஆட்களுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுக்கும், ஆனால் விஷம் வரும் வழியை அடைக்காமல் கூடை கூடையாக ஆரஞ்சு தின்றாலும் பிரயோஜனமில்லை என்றார். வீட்டுக்குள் எப்படி வந்தது என்று என்னைத்தான் கேட்டார். பழைய தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்று வாய் கூசாமல் சொன்னேன். அதோடு விட்டேனா, குழாய்க்காரரைக் கூப்பிட்டுச் சுவரை வேறு உடைக்க வைத்தேன். முழுக்க பிளாஸ்டிக், இதில் காரீயம் எங்கிருந்து வரும் என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அம்மா பாவம், அதற்குள் பக்கத்து வீட்டு அக்காவையும் குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன். காரீயத் தூள் ஒட்டிய வேலை உடுப்பை ஆலையிலேயே கழற்றிப் போட்டுக் குளித்துவிட்டு வர வேண்டும், துவைப்பதும் அங்கேயே. யாரும் வெளியே எடுத்துப் போகாமல் வாசலில் ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்ப்பது மேஸ்திரியான நான். என் பையைத் திறக்க ஆள் இல்லை. அங்கே துவைத்தால் சுருண்டு வரும், எவனோ போட்ட கால்சட்டை கைக்கு வரும், எனக்கோ மடிப்புக் கலையக் கூடாது. இஸ்திரி மேஸ்திரி என்று அவர்கள் கேலி செய்ததில் உள்ளூரப் பெருமை வேறு. லோடு ஏற்றுகிறவர் ஒருநாள் சட்டையைப் பைக்குள் வைத்திருந்தார், உனக்குப் பிள்ளைகுட்டி இல்லையா என்று எல்லார் முன்னாலும் கிழி கிழியென்று கிழித்தேன். அப்போதும் என் சட்டை என் பைக்குள்தான் இருந்தது. அம்மா அதை உதறி, ஊறவைத்து, கையால் கசக்குவாள். உதறும்போது தும்முவாள், நான் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "பாப்பாவோட ஸ்கூல் யூனிஃபார்மையும் அதே வாளியிலதாங்க ஊறவெச்சேன்" என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள். நான் செய்த குற்றத்தை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள், பாப்பா. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எலும்புக்குள் போன காரீயம் வருஷக்கணக்கில் தங்குமாம், கர்ப்பமானால் திரும்ப ரத்தத்துக்கு வரலாமாம். எல்லோருக்கும் ஆபத்தாகும் என்றில்லை, பயந்துவிடாதே. ஆனால் இன்றைக்கே போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடு. தபாலை நம்பாமல் இதைப் படமெடுத்து உன் போனுக்கே அனுப்புகிறேன். அப்பா பேட்டரி ஆலையில் வேலை, உடுப்பை வீட்டில் துவைத்தோம் என்று உன் டாக்டரிடம் விவரமாகச் சொல், மாப்பிள்ளைக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை. குழாய் என்று மட்டும் சொல்லிவிடாதே.

திங்கட்கிழமை வாசலில் என் பையைத்தான் முதலில் திறக்க வைக்கப் போகிறேன், லோடு ஏற்றுகிறவர் கையாலேயே. டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை அம்மா நேரத்துக்குப் போடுகிறாள், சட்டை இப்போது ஆலையிலேயே சுருண்டு கிடக்கிறது.

நீயும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். ஆசீர்வதிக்க எனக்கு வாய் வரவில்லை, அம்மாவுடையதை முதலில் எடுத்துக்கொள். ரிசல்ட் எதுவானாலும் அவளுக்கு முதலில் போன் பண்ணி, வாளியில் தப்பில்லை அம்மா என்று சொல், நான் சொன்னால் அவள் கேட்க மாட்டேன் என்கிறாள். பிறகு என்னைக் கூப்பிட்டுத் திட்டு, இந்தத் தடவை போனை அம்மாவிடம் கொடுக்க மாட்டேன். சின்ன வயதில் நான் வந்ததும் ஓடி வந்து என் பையை வாங்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுப்பாய். ஒருநாள்கூட வேண்டாம் என்று நான் சொன்னதில்லை.

தலை குனிந்து,
உன் அப்பா